கட்டணம் திரும்பியது, இடம் திரும்பவில்லை

2025 அக்டோபரில் தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளுக்கு ஒரு உத்தரவு போனது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் தேர்வாகும் குழந்தைகளிடம் ஏற்கெனவே கட்டணம் வாங்கியிருந்தால், அதை ஏழு வேலை நாட்களுக்குள் பெற்றோரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு உரிய தொகையை அரசு தரும். வாங்கக் கூடாத கட்டணம், பொதுப்பணத்தின் துணையோடு பெற்றோர் கைக்குத் திரும்புகிறது. நல்ல செய்திதான். ஆனால் ஜூன் மாதத்தில் கட்டுவதற்குப் பணமே இல்லாதவர்களுக்கு அந்த உத்தரவில் என்ன இருந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை மட்டும் விலக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். துப்புரவுப் பணியாளரின் குழந்தைக்குத் தனிச் சிறப்புப் பிரிவே உண்டு. கோவை மாநகராட்சியில் குப்பை அள்ளும், சாக்கடை தூர்வாரும் வேலையில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதியதுபோன்ற பிரிவு அது.

வழக்கமான ஆண்டில் நடைமுறை இதுதான்: ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பங்கள் அதிகம் வந்தால் குலுக்கல். இடம் கிடைத்த குழந்தை ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல் ஜூனில் எல்கேஜி போகும். பள்ளிக்கு உரிய தொகையை அரசு பிறகு கொடுக்கும். காத்திருப்பது பள்ளி நிர்வாகம்தான், குழந்தை அல்ல. இந்த ஏற்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

2025இல் அது தலைகீழானது. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதால், சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருந்தது. நிதி வரவில்லை என்று சொல்லி மாநில அரசு 25 விழுக்காடு சேர்க்கையைத் தொடங்கவில்லை. மே போனது, விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது கோவைதான். மறுமலர்ச்சி மக்கள் இயக்கத்தின் ஈஸ்வரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜூன் 10 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஒன்றிய அரசுக்குச் சொன்னது. ஒன்றிய நிதி வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது. இரண்டாவது வாசகத்தை நம்மில் பலர் கவனிக்கவில்லை. டெல்லியைத் திட்டுவது எளிது. திட்டவும் வேண்டும். ஆனால் விண்ணப்பப் பக்கத்தைத் திறக்காமல் வைத்திருந்தது சென்னை.

தீர்ப்புக்குப் பிறகும் மாதங்கள் ஓடின. நிதி வந்து சேர்க்கை அறிவிப்பு வெளியானபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் பள்ளிகளில் இடங்கள் நிரம்பிவிட்டன. அதனால் அரசு ஒரு வழி கண்டது: அந்த ஆண்டு ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது.

நிர்வாகக் கண்ணில் இது நியாயமாகத் தெரியும். கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் நடந்தது என்ன? இடத்துக்கான உரிமை, பணம் திரும்பப் பெறும் உரிமையாகச் சுருங்கியது. ஜூனில் கையில் பணம் இருந்தவருக்கு அக்டோபரில் உரிமை கிடைத்தது. பணம் இல்லாதவர் வரிசையிலேயே இல்லை. சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் ஆகக் கடைசியில் இருப்பவர்தான் வெளியே நின்றார். அவருக்கு அநீதி நடந்ததற்கு ரசீதுகூடக் கிடையாது. கட்டாத பணத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

பணம் கட்டியவர்களுக்காவது முழுசாகத் திரும்பியதா? திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் குடும்பம் ஜூனில் மொத்தமாக 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்றால், பெரும்பாலும் கடன்தான். நூற்றுக்கு ஐந்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய். நவம்பரில் பள்ளி பணத்தைத் திருப்பும்போது வட்டி மட்டும் 5,000 போயிருக்கும். அரசு திருப்புவது அசலை மட்டும்தான். அரசு தாமதித்த ஐந்து மாதத்தின் விலையை அந்தக் குடும்பம் வட்டிக்காரருக்குக் கட்டுகிறது.

இது புதிய கதை அல்ல. நம் கல்வி வரலாற்றில் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி: பணம் முதலில் யார் கையிலிருந்து போகிறது?

சென்னை மாகாண அரசு 1893இல் பஞ்சமர் கல்விக்காக வெளியிட்ட ஆணையைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. அதில் குறைகள் நிறைய. ஆனால் மானியம் பள்ளி நடத்துபவர்களுக்குப் போனது. பறையர், சக்கிலியர் வீட்டுப் பிள்ளை முதலில் காசு கட்டிவிட்டு வா என்று சொல்லும் அமைப்பாக அது இல்லை. 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. கோவையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளுக்குள் நம் முதல் தலைமுறை நுழைந்த கதவுகளில் அதுவும் ஒன்று.

அங்கேயும் அதே வியாதி வந்தது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை உதவித்தொகைச் செலவை ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பிரித்தது. அது நாம் போராடிக் கேட்ட ஒன்று. கூடவே ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும் என்ற ஏற்பாடும் வந்தது. இடைத்தரகர் ஒழிவார் என்பது வாதம். நடைமுறையில் பல கல்லூரிகள், "பணம் எப்போது உங்கள் கணக்கில் வருமோ தெரியாது, இப்போது கட்டிவிடுங்கள், வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத் தொடங்கின. கட்டாதவருக்குத் தேர்வுச் சீட்டு தாமதம், சான்றிதழ் தாமதம். இலவசம் என்பது "பிறகு தருகிறோம்" என்று மாறியது.

தவறாக எடுத்த பணத்தை ஒரு அரசு எப்படித் திருப்ப வேண்டும் என்பதற்கு நெதர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தி, வாங்கிய தொகையை எல்லாம் திருப்பிக் கட்டச் சொன்னது வரித்துறை. புலம்பெயர்ந்த குடும்பங்கள் அதிகம் அடிபட்டன. இரட்டைக் குடியுரிமையையே சந்தேகத்துக்கு அடையாளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். 2021 ஜனவரி 15 அன்று ருட்டே அமைச்சரவை அதற்காகப் பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ என்று முடிவானது. அரசுக்கான கடன்கள் ரத்து, தனியார் கடன்களை அடைக்கவும் ஏற்பாடு. அந்த வேலை மிக மெதுவாக நடந்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனால் ஒரு கொள்கையை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்: எடுத்த தொகையைத் திருப்புவது மட்டும் போதாது, அதனால் உடைந்ததற்கும் அரசே பொறுப்பு.

நாம் கேட்க வேண்டியதும் அதுதான். ஒன்று, நிதிச் சண்டை எதுவானாலும் 25 விழுக்காடு சேர்க்கை மே மாதத்துக்குள் முடிய வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது. இரண்டு, அரசின் தாமதத்தால் கட்டிய கட்டணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். மூன்று, 2025இல் விண்ணப்பிக்கவே முடியாமல் போன குழந்தைகளுக்கு அடுத்த வகுப்பில் கூடுதல் இடம் தர வேண்டும். இது மூன்றிலும் கடினமானது, அதனால்தான் முதலில் வலியுறுத்த வேண்டியதும்.

மாணவத் தோழர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: 2025 அக்டோபர் சேர்க்கையில் எத்தனை குழந்தைகள் தேர்வானார்கள், அவர்களில் பட்டியல் சாதி எத்தனை, துப்புரவுப் பணியாளர் பிள்ளைகள் எத்தனை, எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் பணம் திரும்பியது? முந்தைய ஆண்டின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் விழும் பள்ளத்தில்தான் ரசீது இல்லாத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எண் கையில் வந்த பிறகு காலனிக்குள் போய் ஒவ்வொரு வீடாகப் பேரை எழுதுவோம்.