அரண்மனை சத்திரமான வரலாறு

வழிநடப்போர்க்கு நிழலும் நீரும் உறையுளும் அளிப்பது நாடாள்வோரின் தலையாய அறங்களுள் ஒன்று என நம் முன்னோர் கருதினர். சாலை அமைத்த மன்னன் அதன் இருமருங்கும் மரம் நட்டான், கிணறு தோண்டினான், இரவில் தங்கிச் செல்லச் சத்திரமும் எழுப்பினான். மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிரே காணும் மங்கம்மாள் சத்திரத்தை நம்மில் அறியாதார் யார்?

வடநாட்டிலும் இவ்வறம் தழைத்திருந்தது. 1540 முதல் 1545 வரை அரசாண்ட ஷேர் ஷா, வங்கத்துச் சோனார்கானிலிருந்து சிந்து நதிவரை சென்ற பெருஞ்சாலையிலும் ஏனைய சாலைகளிலும், இரண்டு குரோசத்திற்கு ஒன்றாக 1,700 சராய்களைக் கட்டுவித்தார் என அவருடைய வரலாற்றை எழுதிய அப்பாஸ் கான் சர்வானி கூறுகிறார். குரோசம் என்பது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவற்றில் தனித்தனியே இடமும் உணவும் இருந்தனவாம்.

இன்றோ நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. அன்று அரசன் வழிப்போக்கனுக்கு விடுதி கட்டினான். இன்று வழிப்போக்கன் செலுத்தும் வாடகையே அரசனின் மாளிகையைக் காத்து நிற்கிறது. இம்மாறுதலைக் கண்ணாரக் காண விரும்புவோர் தலைநகரிலிருந்து சொந்தக் காரில் புறப்பட்டு, ராஜஸ்தான் வழியே உதயப்பூர்வரை சென்று வரலாம். போகும் வழி ஏறத்தாழ 850 கிலோமீட்டர். ஐந்தாறு நாட்கள் விடுமுறை கிடைப்பின் குடும்பத்துடன் இப்பிரயாணத்தை இனிதே முடிக்கலாம்.

முதலில் இம்மாறுதலுக்குக் காரணம் யாதென அறிதல் வேண்டும். 1949 மார்ச்சு 30ஆம் நாள் ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிகானீர், ஜெய்சல்மேர் ஆகிய அரசுகளும் இணைந்து பெரிய ராஜஸ்தான் உருவாயிற்று. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஜாகீர் நிலங்களை அரசுடைமையாக்க வகை செய்தது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை அடியோடு நீக்கியது. நிலவரி போயிற்று, மானியமும் போயிற்று, ஆயின் நூற்றுக்கணக்கான அறைகளும், ஒழுகும் கூரைகளும், சரியும் மதில்களும் எஞ்சி நின்றன. குடியரசில் அரச பதவி நீங்கியது நியாயமே. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் எந்தச் சட்டத்திற்கும் காத்திருப்பதில்லை. பேணுவார் இன்றேல் அவை விழுந்தே தீரும்.

தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் உள்ள நீம்ராணா இதற்குத் தக்க சான்று. சௌகான் குலத்தார் 1464இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. குன்றின் சரிவில் படிப்படியாக மேலேறி நிற்பது. 1947இல் அதன் அரசர் அங்கிருந்து குடிபெயர்ந்தபின், கோட்டை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1986இல் அமன் நாத்தும் பிரான்சு நாட்டில் பிறந்த பிரான்சிஸ் வாக்ஸியார்கும் அதனை வாங்கிச் செப்பனிட்டு, 1991இல் விடுதியாகத் திறந்தனர். கோட்டைக்கு அண்மையில் பல அடுக்குகளாகக் கீழிறங்கும் பழைய படிக்கிணறு ஒன்று உண்டு. அதனையும் தவறாது காணுதல் வேண்டும்.

அடுத்தது, சவாய் ஜெயசிங் 1727இல் நிறுவிய ஜெய்ப்பூர் மாநகரம். அங்குள்ள ராம்பாக், 1835இல் சிறியதொரு தோட்ட மாளிகையாகத் தொடங்கிப் பின்னர் அரண்மனையாக வளர்ந்தது. மகாராஜா இரண்டாம் மான்சிங் அதிலேயே வாழ்ந்தார். புதிய ராஜஸ்தானின் ராஜபிரமுகராக அவர் வகித்த பதவி 1956இல் ஒழிந்தது. மறு ஆண்டே, 1957இல், தம் இல்லத்தை அவர் ஹோட்டலாக்கினார். மானியம் நிற்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே காலத்தின் போக்கை உணர்ந்த செயல் எனலாம்.

ஜெய்ப்பூரிலிருந்து ஆஜ்மீர் வழியாக ஜோத்பூர் செல்லல் நன்று. சலீம் பிறந்தமைக்கு நன்றி செலுத்தும் பொருட்டு 1570இல் அக்பர் ஆக்ராவிலிருந்து கால்நடையாக ஆஜ்மீர் தர்காவிற்கு யாத்திரை வந்தார். பின்னர் அவ்வழியில் குரோசத்திற்கு ஒன்றாகத் தூண்களும் நிறுவப்பெற்றன. நம் காலத்துக் கிலோமீட்டர் கற்களுக்கு அவை மூதாதையர்!

ஜோத்பூரில் சித்தர் குன்றின்மீது நிற்கும் உமைத் பவன் அரண்மனையே இப்பிரயாணத்தில் நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்வது. 1920களில் மார்வார் நாட்டை வறட்சி வாட்டியது. பசித்த மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுக்கும் பொருட்டு மகாராஜா உமைத் சிங் 1929இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை உழைத்தனர். திட்டம் வகுத்தவர் ஆங்கிலச் சிற்பி லான்செஸ்டர். கற்பாறைகளைச் சுமந்து வருவதற்கென்றே கல்லுடைக்கும் இடத்திலிருந்து ரயில்பாதை இடப்பட்டது. ரயில்வேயில் ஊழியம் புரியும் எம்போன்றோர்க்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். 1943இல் 347 அறைகளுடன் வேலை நிறைவுற்றது. மன்னரோ 1947இல் காலமானார். தாம் கட்டிய மாளிகையில் அவர் வாழ்ந்தது நான்கே ஆண்டுகள். இன்று அதன் ஒரு பகுதி அரச குடும்பத்தின் இல்லம், ஒரு பகுதி காட்சிசாலை, பிறிதொரு பகுதி 1970கள் முதல் ஹோட்டல். அதனைக் கட்டியவர்களின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. ஆயினும் அக்கற்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நம் கடமை.

அங்கிருந்து தெற்கே செல்லுங்கால், ஆரவல்லி மலைச்சாரலில் ராணக்பூர் என்னும் சமணத் திருத்தலம் உண்டு. ராணா கும்பா காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், தர்ணா ஷா என்னும் செல்வர் எழுப்பிய கோயில் அது. 1,444 தூண்கள் தாங்கி நிற்கும் அவ்வெண்பளிங்கு மண்டபத்தில் ஒருமணி நேரமாவது அமைதியாய் அமர்தல் வேண்டும்.

இறுதியாக உதயப்பூர். 1746இல் மகாராணா இரண்டாம் ஜகத்சிங் கட்டி முடித்த ஜக் நிவாஸ், பிச்சோலா ஏரியின் நடுவே வெண்ணிறமாய் ஒளிர்கிறது. மகாராணா பகவத் சிங் 1960களில் அதனை ஹோட்டலாக்கினார். படகில்தான் செல்ல இயலும். ஆனால் அவ்வேரியை முதன்முதல் அமைத்தவர் மன்னரல்லர். எருதுகளின்மேல் தானியம் ஏற்றி ஊர் ஊராய்ச் சென்ற பஞ்சாரா வணிகர் ஒருவரே என்பது மரபு. வழிப்போக்கன் வெட்டிய ஏரியில் அரசன் மாளிகை கட்டினான். அம்மாளிகையில் இன்று வழிப்போக்கர் தங்குகின்றனர். வரலாற்றின் சக்கரம் எவ்வாறு சுழல்கின்றது, காண்மின்!

இங்கு நடைமுறைச் செய்தி சில கூறுதல் பொருந்தும். பேரரண்மனைகளில் ஓரிரவு தங்கும் வாடகை நம்போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு எட்டாதது. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. 1950க்கு முன் எழுந்த கோட்டை, அரண்மனை, ஹவேலி ஆகியவற்றைப் பாரம்பரிய விடுதிகளாக மத்திய சுற்றுலா அமைச்சகம் அங்கீகரிக்கிறது. அவற்றுள் சிறிய ஹவேலிகள் பல, முன்கூட்டியே எழுதிக் கேட்பின், நடுத்தரக் குடும்பத்திற்கும் இயைந்த வாடகையில் கிடைக்கக்கூடும். உமைத் பவன் காட்சிசாலையையும் உதயப்பூர் நகர அரண்மனையையும் நுழைவுச்சீட்டுப் பெற்றே காணலாம். அக்டோபர் முதல் மார்ச்சு வரை ஏற்ற பருவம். டிசம்பர், ஜனவரியில் தில்லி நெடுஞ்சாலையில் மூடுபனி அடர்ந்திருக்குமாதலால், பொழுது நன்கு புலர்ந்த பின்னரே வண்டியை எடுத்தல் வேண்டும். இருட்டியபின் ஓட்டுதலைத் தவிர்த்தல் நலம்.

அறம் வாணிகமாயிற்றே என்று வருந்துவதா, அழிவிலிருந்து கலை தப்பிற்றே என்று மகிழ்வதா? இரண்டும் வேண்டுமென்பதே எம் கருத்து. விளக்கேற்றுவார் உள்ள வீடுதான் நிலைக்கும். ஆதலின் இவ்விடுதிகள் வாழ்க. ஆயினும் காசு கொண்டு வந்தவனுக்கே கதவு திறக்கும் மாளிகையைக் கண்டு வியக்கும்போது, காசில்லாதவனுக்கும் கதவு திறந்த சராய்களையும் சத்திரங்களையும் மறத்தல் ஆகாது. அடுத்த முறை தாயகம் செல்லும்போது, தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக. உதயப்பூரின் அழகைக் கண்ட கண்கள் ஒரத்தநாட்டின் பெருமையையும் காணட்டும்.