மருந்து எழுதும் உரிமை: மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றிலிருந்து

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி நோர்வூட் மைதானத்தில் மக்கள் வெள்ளம் திரண்டிருந்தது. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அன்று அம்மைதானத்திலே உரையாற்றினார். இந்திய உதவியுடன் எழுந்த அக்கட்டடம் 150 கட்டில்களைக் கொண்டது. மலையக மக்களுக்கு அது பெரும் பேறே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூட்டம் கலைந்து மக்கள் தத்தம் லயங்களுக்கு மலையேறித் திரும்பிய அன்றிரவு, அவர்களுள் ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் அத்தாய் முதலில் எவர் வாசலுக்கு ஓடியிருப்பாள்? பெரும்பாலும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான். அங்கே இருப்பவர் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரியல்லர். தோட்ட வைத்திய உதவியாளர். மக்கள் அவரை 'டாக்டரையா' என்றே அழைக்கின்றனர். சட்டம் அவ்வாறு அழைப்பதில்லை. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் மலையக மக்களின் சுகாதார வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

மருத்துவர் அல்லாத ஒருவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாமா? எழுதலாமாயின் எவ்வெம் மருந்துகளை, எவருடைய மேற்பார்வையில் எழுதலாம்? இன்று உலகின் பல நாடுகளில் சட்டமன்றங்களும் மருத்துவர் சங்கங்களும் தாதியர் சங்கங்களும் இக்கேள்வியை வைத்து வாதாடுகின்றன. எமது தோட்டங்களைப் பொறுத்தவரை இது புதிய கேள்வியன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கே மருத்துவர் அல்லாதவரே மருந்து கொடுத்து வந்துள்ளார். அவ்வுரிமை யாருடைய நலனுக்காக, யாருடைய கட்டுப்பாட்டின்கீழ்ப் பயன்படுத்தப்பட்டது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளி நோயுற்றால் அவனைக் கவனிப்பார் எவருமிலர். உழைக்கும் வலுவிழந்தவன் வழியோரத்திலோ, ஏதேனுமோர் அரசாங்க வைத்தியசாலையின் திண்ணையிலோ விழுந்து கிடந்தான். 1869இல் கம்பளை அரசினர் வைத்தியசாலை பற்றி டொக்டர் வான் டோர்ட் அளித்த அறிக்கை, அங்கு கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அவலத்தை ஆட்சியாளரின் கண்முன் நிறுத்தியது. அதனையடுத்து 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்னர் 1880களில் அது திருத்தியமைக்கப்பட்டு, 1912இல் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிலைபெற்றது. அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரிடையே பரவும் நோய்களைப் பற்றியது.

1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைக்கு விதித்த கடமைகள் ஊன்றி நோக்கத்தக்கவை. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், கடும் நோய் கண்டவிடத்து மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பித்தல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணுதல் ஆகியன அவற்றுட் சில. ஆனால் இவற்றுக்கிடையே இன்னுமொரு விதி இருந்தது. தோட்டத்தில் எவரேனும் நோயுற்றால் அதனை அறிந்துகொண்டு, உடனடி நிவாரணத்துக்காகத் தமக்குச் சிறந்ததெனப் படும் நடவடிக்கையைத் துரையே எடுத்தல் வேண்டும் என்பது அது. இதன் பொருள் யாது? முதல் மருந்து எது, அதை எப்போது கொடுப்பது, எந்த நோய் கடுமையானது, எவனை வைத்தியசாலைக்கு அனுப்புவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை, மருத்துவத்தில் ஓரெழுத்துங் கல்லாத துரையின் கையில் வைக்கப்பட்டது. கொழும்பிலே 1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதியே மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். மருத்துவம் ஒரு பயிற்சிபெற்ற தொழில் என்பது நகரத்துக்கு ஏற்புடைய நீதியாயிருந்தது. மலைநாட்டுக்கு அந்நீதி எட்டவில்லை.

துரை தாமே மருந்துப் போத்தலைக் கையிலேந்தி லயம் லயமாய்த் திரிய முடியாது. அவருக்குப் பதிலாக நின்றவரே டிஸ்பென்சர். தனக்கென வைத்தியசாலை நடத்தும் தோட்டத்துக்கு ஏற்றுமதி வரியில் கழிவு கொடுக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. ஆகவே டிஸ்பென்சரியைக் கட்டுவது தோட்டத்தின் கணக்கேட்டுக்கும் ஒத்துவந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஸ்தாபனம் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மலைநாட்டுத் தோட்டங்களில் ஆரம்பித்தபோது மருந்தெண்ணெய் கூட்டங்கூட்டமாகக் கொடுக்கப்பட்டது. இரத்தச் சோகை தீர்ந்தால் கொழுந்தின் நிறை கூடும் என்பதைத் துரைமார் விரைவிலே கற்றுக்கொண்டனர். நோய் தீர்ந்தமை நன்றே. ஆனால் மலங்கழிக்க இடமும் காலுக்குச் செருப்பும் இல்லாத வாழ்க்கை அப்படியே நிலைத்திருக்க, மருந்து மட்டும் வந்துபோயிற்று. புழுவும் மீண்டும் வந்தது.

தோட்டத்திலே மருந்துத் துண்டுக்கு இரண்டு வலிமைகள் இருந்தன என்பதை நகரத்து வாசகர் எளிதில் உணரமாட்டார். நகரத்தில் வைத்தியர் எழுதும் துண்டு மருந்தைப் பெற்றுத்தரும், அவ்வளவே. தோட்டத்தில் டிஸ்பென்சரின் சொல், ஒரு தொழிலாளி உண்மையிலே நோயாளியா, அன்றி வேலைக்குக் கள்ளமடிப்பவனா என்பதையும் தீர்மானித்தது. விடியற்காலையில் பிரட்டுக் களத்திலே பேர் கொடுக்காதவளுக்கு அன்றைய கூலியில்லை. ஏன் வரவில்லை எனக் கணக்கப்பிள்ளை கேட்கும்போது அவளைக் காக்கவல்லது டிஸ்பென்சரியின் சொல் ஒன்றே. அச்சொல்லைச் சொல்பவரோ துரையிடம் சம்பளம் வாங்குபவர். துரை கொடுத்த வீட்டில் குடியிருப்பவர். கொழுந்து மிகுந்த மாதத்தில் 'சுகமில்லை' என்று அதிகம் பேருக்கு எழுதிக் கொடுத்தால் அவர் துரையின் முகத்தை எவ்வாறு பார்ப்பார்? இவ்வாறு குணப்படுத்தும் கையும் கண்காணிக்கும் கையும் ஒன்றாயின. அக்கையை உடையவரை மாத்திரம் நாம் குறைகூறுதல் நியாயமாகாது. நள்ளிரவில் கொட்டும் மழையில் டோர்ச் விளக்குடன் லயத்துக்கு வந்து பிள்ளைப்பேறு பார்த்தவர்களும், பாம்பு கடித்தவனைத் தேயிலை லொறியில் ஏற்றி வைத்தியசாலை வரை கூடச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். மனிதர் நல்லவராயிருந்தனர், முறைமை அவர்களை நல்லவர்களாயிருக்க விட்ட அளவு சிறிது.

அரசாங்கச் சேவையின் கதை வேறு. அங்கும் மருத்துவரல்லாத ஒரு பிரிவினர் இருந்தனர். அப்போதிக்கரி என்பது அவர்களின் பழைய பெயர். 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவர்களோடு அவர்களையும் பதிவுக்கு உட்படுத்தியது. பிற்காலத்தில் அவர்கள் உதவி வைத்திய உத்தியோகத்தர் எனப் பெயர் பெற்றனர். குறித்த காலம் சேவை புரிந்தபின் பதிவுபெற்ற வைத்தியராகும் வழியும் அவர்களுக்குத் திறந்திருந்தது. கிராமத்து மருந்துச்சாலைகளைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நின்றோர் இவர்களே. பயிற்சி, பதிவு, பதவி உயர்வு, ஓய்வூதியம் என்ற நான்கும் சேர்ந்ததாலேயே அவர்களின் மருந்துத் துண்டுக்கு மதிப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரும் ஏறத்தாழ அதே நோய்களைத்தான் பார்த்தார். அதே மருந்துகளைத்தான் கொடுத்தார். ஆனால் அவர் அரசின் உத்தியோகத்தரல்லர், தோட்டத்தின் ஊழியர்.

தொழிலாளரின் பிள்ளைகளே கற்று அந்த அரசாங்கப் பயிற்சிக்குள் புகுந்திருக்கலாமே என ஒருவர் வினவலாம். மொழி அதற்குத் தடையாயிருந்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1864ஆம் ஆண்டு முதற்கொண்டு தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார்; அறுபதுக்கு மேற்பட்ட தமிழர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். அவர் இலங்கையை விட்டு நீங்கிய 1873க்கு ஓராண்டு முன்னரே மலைநாட்டில் முதலாவது மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தமிழில் மருத்துவம் கற்பிக்கலாம் என்பது வடக்கிலே நிரூபிக்கப்பட்ட அதே காலத்தில், தமிழ்பேசும் மலைநாட்டுத் தொழிலாளியின் மருத்துவம் துரையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கதவையே அடைத்தது. நாட்டின் குடிமகனல்லாதவன் அரசாங்கச் சேவையில் எங்ஙனம் புகுவான்? 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் கணக்கிட்டது. தலைகளை எண்ணிய அக்கணக்கில் அவர்களுக்கு யார் மருந்து எழுதுவார் என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை. குடியுரிமைப் பிரச்சினையின் எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்டச் சுகாதாரத்தை நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையுடன் இணைப்பது என்ற தீர்மானம் 1990களில் எடுக்கப்பட்டது. சில தோட்ட வைத்தியசாலைகள் அரசாங்கத்தின்கீழ் வந்தன. எஞ்சிய டிஸ்பென்சரிகள் பல, கம்பனியின் கீழேயே நின்றுவிட்டன. இதே பத்தாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் உதவி வைத்திய உத்தியோகத்தரைப் புதிதாகப் பயிற்றுவதை நிறுத்திக்கொண்டது. பட்டதாரி மருத்துவர்கள் பெருகிவிட்டனர், இனி இவர்கள் வேண்டாம் என்பது காரணமாய் இருந்தது. கொழும்புக்கு அது பொருந்தும். நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் அப்பாலுள்ள மேற்பிரிவு லயங்களுக்கு அது பொருந்துமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்து அருகி, மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றபோது இக்கேள்வி மறுபடியும் எழுந்தது.

பிற நாடுகளின் அனுபவம் எமக்குப் பாடமாகும். ருஷ்யாவில் 1864இல் செம்ஸ்துவோ என்னும் உள்ளூராட்சி அமைப்புகள் தோன்றியபோது கிராமத்து வைத்தியம் பெரும்பாலும் பெல்ஷர் எனப்பட்ட உதவியாளரின் கையில் இருந்தது. விவசாயிக்கு உதவியாளர், சீமானுக்கு மருத்துவர் என்ற அந்த ஏற்பாட்டை முற்போக்கு மருத்துவர்களே கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயமுண்டு, எமது தோட்டங்களில் நடந்ததும் அதுவே. மறுபுறத்தில், சீனத்திலே 1968 முதல் நாடெங்கும் பரவிய 'வெறுங்கால் வைத்தியர்' இயக்கம், மருத்துவரே காணாத கிராமங்களுக்கு முதன்முறையாக மருந்தைக் கொண்டுசென்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965இல் டொக்டர் யூஜீன் ஸ்டெட் கடற்படையில் மருத்துவ உதவியாளராயிருந்தவர்களை வைத்து 'மருத்துவ உதவியாளர்' பயிற்சியைத் தொடங்கினார். பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தாதியர் மருந்தெழுத வழிதிறந்தது. முதலில் ஒரு சிறு பட்டியலுக்குள் நின்ற அவ்வுரிமை 2006இல், தனிப்பயிற்சி பெற்றோருக்கு, ஏறத்தாழ எல்லா மருந்துகளுக்கும் விரிந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 32ஆம் பிரிவில் சமுதாய சுகாதார வழங்குநருக்கு வரையறுத்த உரிமையளித்தது. மருத்துவர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து அதனை எதிர்த்தது. எமது நாட்டிலோ தாதியருக்கு இத்தகைய உரிமையை எச்சட்டமும் இன்றுவரை வழங்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான உண்மை ஒன்றுண்டு. உதவியாளரின் கை பயிற்சியாலும், தெளிவான மருந்துப் பட்டியலாலும், மேலே ஒரு மருத்துவரின் துணையாலும் தாங்கப்பட்ட இடங்களில் மக்கள் பயனடைந்தனர். மலிவு என்பதற்காக மட்டும் அமர்த்தப்பட்ட இடங்களில் அது ஏழைக்கான இரண்டாந்தர வைத்தியமாய் முடிந்தது. பட்டியல் என்ற கருத்துக்கு எமது மண்ணிலேயே ஒரு முன்னோடி இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து ஆக்கிய அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. கம்பனிகளின் எண்ணிறந்த வணிகப் பெயர்களைக் களைந்து, தேவையான மருந்துகளை அவற்றின் இயற்பெயரால் வாங்கி வழங்குவதே அவர் வகுத்த வழி. மருந்துகளின் தொகை குறைந்து, பெயர்கள் தெளிவானால், எழுதுபவர் தவறிழைப்பதும் குறையும். மலையுச்சியிலே தனித்து நின்று மருந்து எழுதும் உதவியாளருக்கு இதைவிடப் பெருந்துணை வேறில்லை.

'மருத்துவரையே அனுப்புங்கள், அரைகுறை வைத்தியம் எமக்கு வேண்டாம்' என்று சிலர் கூறுவர். அக்கோரிக்கையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஒவ்வொரு பெருந்தோட்டப் பிரிவுக்கும் மருத்துவர் வருதல் வேண்டும். ஆனால் அவர் வரும்வரை டிஸ்பென்சரியின் கதவு மூடியிருக்கப் போவதில்லை. நாளை காலையும் அங்கே எவரோ ஒருவர் மருந்து கொடுப்பார். அவர் சட்டத்தின் ஒளியில் கொடுப்பதா, நிழலில் கொடுப்பதா என்பதே கேள்வி. நிழலில் கொடுத்த மருந்து தவறினால் நோயாளிக்கு நியாயமில்லை, கொடுத்தவருக்கும் காப்பில்லை. ஆதலால் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் மருத்துவமாதுக்கும் முறையான பயிற்சியும் பதிவும் அளித்தல், அவர்கள் எழுதத்தக்க மருந்துகளைச் சட்டத்தால் வரையறுத்தல், எந்நிலையில் நோயாளியை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டுமென விதித்தல் ஆகியன இன்றியமையாதன. இவற்றினும் மேலாக, அவர்கள் கம்பனிக்கன்றிச் சுகாதார அமைச்சுக்குப் பதில்சொல்லும் உத்தியோகத்தராதல் வேண்டும். 'இவளுக்கு இன்று வேலை ஆகாது' என்று எழுதும் கை, கொழுந்தின் நிறையைக் கணக்கிடுபவருக்கு அஞ்சுதல் ஆகாது.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழி அது. வழியிலே நோயுற்று வீழ்ந்தவர் பலர். நோய் எதுவெனச் சொல்லவும், மருந்து எதுவென எழுதவும் அன்று அவர்களருகில் எவருமிருக்கவில்லை. இன்று ஒருவர் இருக்கின்றார். தம் மொழியறிந்த, தம் லயமறிந்த அந்த ஒருவரைச் சட்டம் அறிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது மலையக மக்களின் உரிமை. அவ்வுரிமையை அவர்களோடு சேர்ந்து கேட்பது ஆசிரியரும் மாணவருமாகிய எமது கடமை.