பெயர் சொல்லாத சட்டம்

சட்டம் சொற்களால் ஆனது. எந்தச் செயல் குற்றம் என்பதைப் படிக்கிறவனுக்குப் புரியும்படி சொல்வது அதன் முதல் கடமை. இந்தக் கடமையிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் விலக்குப் பெற்றிருந்த ஒரு சட்டம் உண்டு. வயது வந்த இருவர் தம் விருப்பத்தோடு, மூடிய கதவுக்குள் செய்யும் சில காரியங்களைத் தண்டித்த சட்டம் அது. எந்தக் காரியங்கள் என்று கேட்டால் பதில் இராது. இயற்கைக்கு விரோதமானவை என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

திருச்சபை விசாரித்துவந்த இந்தப் பாவத்தை இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1533இல் அரசாங்கக் குற்றமாக்கினான். தண்டனை மரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய சட்ட விளக்க உரைகாரரான பிளாக்ஸ்டன், இக்குற்றத்தின் பெயரை உச்சரிப்பதே மனித இயல்புக்கு இழுக்கு என்று கருதினார். அமெரிக்கக் குடியேற்றங்கள் இச்சட்டத்தையும் அதன் கூச்சத்தையும் சேர்த்தே பெற்றுக்கொண்டன. சுதந்திரத்தின் சாசனத்தை எழுதிய ஜெஃபர்சன், வர்ஜீனியாவுக்கென்று தயாரித்த மசோதாவில் மரணத்துக்குப் பதிலாக உறுப்பறுப்பைச் சிபாரிசு செய்தார். அக்காலத்துக்கு அது சீர்திருத்தம். 1779இல் முன்வைக்கப்பட்ட அதைச் சட்டசபை ஏற்கவில்லை.

1960இல் ஐம்பது மாநிலங்களிலும் இச்சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அமெரிக்கச் சட்டக் கழகத்தின் மாதிரித் தண்டனைத் தொகுப்பு இதை விட்டுவிட யோசனை சொன்னது. அதன்படி 1961இல் முதலில் கைவிட்டது இல்லினாய். மற்றவை மெதுவாக வந்தன. சில வரவேயில்லை.

பெயர் சொல்ல மறுத்ததால் நேர்ந்தது என்ன என்பதற்கு ஜார்ஜியா நல்ல உதாரணம். 1939இல் அங்கே ஒரு பெண், இன்னொரு பெண்ணோடு உறவு கொண்டதற்காகச் சிறையில் இருந்தாள். சட்டத்தின் விளக்கத்தில் ஆணும் ஆணும், ஆணும் பெண்ணும் வருகிறார்களே தவிர இரண்டு பெண்கள் வரவில்லை என்று கண்டு மாநில உச்ச நீதிமன்றம் அவளை விடுவித்தது. சட்டத்துக்குத் தோன்றாமல் போன ஒன்றால் அவள் தப்பினாள். 1968இல் சட்டசபை ஓட்டையை அடைத்தது. புதிய வாசகத்தில் ஆண், பெண், கணவன், மனைவி என்ற பேதம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருபது ஆண்டு வரை சிறை.

1982இல் அட்லாண்டாவில் ஒரு போலீஸ்காரர், பொது இடத்தில் குடித்ததற்கான அபராதம் ஒன்றின் பேரில் மைக்கேல் ஹார்ட்விக் என்பவரின் வீட்டுக்குப் போனார். அபராதம் ஏற்கனவே கட்டப்பட்டிருந்தது. படுக்கையறையில் அவர் இன்னொரு ஆணோடு இருக்கக் கண்டு கைது செய்தார். அரசு வழக்கை நடத்தவில்லை. ஹார்ட்விக்தான் சட்டத்தின் மீது வழக்குப் போட்டார். அவரோடு ஒரு தம்பதியும் சேர்ந்தார்கள். இச்சட்டம் எங்களையும் குற்றவாளிகளாக்குகிறது என்பது அவர்கள் வாதம். சொல்லளவில் அது முழு உண்மை. ஆனால் உங்களுக்கு ஆபத்து எதுவும் வரவில்லை என்று நீதிமன்றங்கள் அவர்களை அனுப்பிவிட்டன.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஹார்ட்விக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேதம் பார்க்காத சட்டத்தைத் தன் முன்னே வைத்துக்கொண்டு, தன்பாலுறவு கொள்ள உரிமை உண்டா என்று மட்டும் அது கேட்டுக்கொண்டது. அத்தகைய தடைகளுக்குத் தொன்மையான வேர்கள் உண்டு என்று பதிலும் சொல்லிக்கொண்டது. ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி பாவெல், ஓய்வு பெற்றபின் 1990இல், தாம் அநேகமாகத் தவறு செய்துவிட்டதாக மாணவர்களிடம் ஒப்புக்கொண்டார். ஹார்ட்விக்குக்கு அது உதவவில்லை.

அந்தத் தொன்மை என்னும் வாதத்தைத்தான் இங்கே உரசிப் பார்க்க வேண்டும். பழைய சட்டம் தண்டித்தது சில செயல்களை. ஒரு வகை மனிதர்களை அல்ல. தன்பாலுறவாளர் என்ற வகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவர்களின் ஏடுகளில் உருவாயிற்று. அவர்களை மட்டும் தனியே பிரித்துத் தண்டிக்கும் மாநிலச் சட்டம் 1970களுக்கு முன் அமெரிக்காவில் அமலில் இருந்ததில்லை. டெக்ஸாஸ் 1973இல் தன் சட்டத்தைத் திருத்தியபோது ஆணும் பெண்ணும் அதே காரியங்களைச் செய்வதை அனுமதித்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்தால் குற்றம் என்றது. தொன்மை என்று சொல்லப்பட்டது, மனிதன் நிலவில் நடந்ததற்கும் பிந்தியது.

தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலையை வங்கியில் வேலை பார்க்கிற எவனும் அச்சத்தோடுதான் பார்ப்பான். இயற்கை என்ற சொல் இச்சட்டத்தில் அப்படிப்பட்டது. அவ்வக்காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்கள் அதில் தங்களுக்கு வேண்டிய எதிரியை எழுதிக்கொண்டார்கள். கீழே இருந்த கையெழுத்து மட்டும் பழையது.

கைதுகள் அபூர்வம்தானே என்று சொல்வதுண்டு. 1995இல் வர்ஜீனியாவில் ஒரு தாயிடமிருந்து அவள் மகனை எடுத்துப் பாட்டியிடம் கொடுக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவள் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தாள். அந்த வாழ்க்கை மாநிலச் சட்டப்படி குற்றம் என்பதும் காட்டிய காரணங்களில் ஒன்று. அவள் மீது அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கே போடப்படவில்லை. வழக்கில்லாமலே தண்டிப்பதுதான் இச்சட்டத்தின் அன்றாட வேலையாக இருந்தது.

1998இல் ஹூஸ்டனில், துப்பாக்கியோடு ஒருவன் கலாட்டா செய்கிறான் என்ற பொய்த் தகவலை நம்பிப் போலீஸார் ஜான் லாரன்ஸ் என்பவரின் வீட்டில் நுழைந்தார்கள். அவரையும் டைரன் கார்னர் என்பவரையும் கைது செய்தார்கள். கண்டது என்ன என்பதில் போலீஸாரின் கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அபராதம் தலைக்கு 200 டாலர். 2003 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றம், ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில், டெக்ஸாஸின் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதோடு மேலும் 13 மாநிலங்களின் சட்டங்களும் வீழ்ந்தன. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு, 1986இன் சரித்திரப் படிப்பே பிழை என்றது. தன் பழைய தீர்ப்பைத் தவறாகப் படித்த பாடமாக ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதல்ல.

நமக்கும் இதில் பங்குண்டு. 1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை முன்வைத்த மெக்காலே, இக்குற்றம் பற்றிய பிரிவுகள் பொது விவாதத்துக்கு இடம் தந்துவிடக் கூடாது என்று கருதி விளக்கம் எழுத மறுத்தார். 1860இல் அது இயற்கையின் ஒழுங்கு என்ற அதே மங்கிய சொல்லோடு 377ஆம் பிரிவாயிற்று. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைக் கட்டுப்படுத்தியபோது லாரன்ஸ் வழக்கையும் எடுத்துக்காட்டியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6இல் மறுபடி திருத்திக்கொண்டது. இத்தனை ஆண்டுகளும் நம் செய்தித்தாள்கள் 'இயற்கைக்கு மாறான' என்று எழுதி நகர்ந்துகொண்டிருந்தன. நாம் அதை நாகரிகம் என்று நினைத்தோம். சொல்லாமல் விட்ட இடத்தில் யாருடைய பெயரை எழுதிக்கொண்டார்கள் என்று நாம் கேட்கவில்லை.