போக்கு வரைபடங்களில் தரவு மீட்டெடுப்பு: காட்சித் தேர்வா, சான்றின் பகுதியா?

ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு காலத்தில் காகிதச் சுருளின் மேல் பேனா முனை கோடு இழுத்தது. அழுத்தம் ஏறினால் கோடும் உடனே ஏறியது. இன்று கோட்டை வரைவது மென்பொருள். ஹிஸ்டோரியன் எனப்படும் தரவுக் களஞ்சியத்தில் குவிந்துள்ள மதிப்புகளில் எவற்றை எடுப்பது, எப்படி இணைப்பது என்பதை மீட்டெடுப்பு அமைப்பே தீர்மானிக்கிறது. திரையின் நிறத்தைப் போல அதையும் பயனரின் விருப்பமாகக் கருதுவது தவறு. அது அளவீட்டின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வினாடிக்கு ஒரு மதிப்பு பதிவானால் நாளொன்றுக்கு 86,400 மதிப்புகள் சேரும். சம இடைவெளியில் மதிப்பெடுக்கும் சுழற்சி முறையில் நாள் முழுவதற்கும் 100 புள்ளிகள் கேட்டால், 864 வினாடிக்கு ஒன்றுதான் திரைக்கு வரும். பாய்லர் அழுத்தம் 40 வினாடிகள் மட்டும் 6 பாரிலிருந்து 9 பாருக்குத் தாவி, அலாரம் அடித்தது என்று கொள்வோம். மாதிரிப் புள்ளி அந்த 40 வினாடிக்குள் விழ ஏறத்தாழ 5 விழுக்காடு வாய்ப்பே உண்டு. சராசரி முறைக்கு மாற்றினாலும், தாவல் ஒரே இடைவெளிக்குள் அடங்கியிருந்தால், 6.14 பார் என்றே தெரியும். அலாரம் ஏன் அடித்தது என்பதற்கு இரண்டு கோடுகளிலும் விடை இல்லை.

இருப்பதை மறைப்பதை விட, இல்லாததைக் காட்டுவது கேடு. 10 நிமிடத்துக்கு ஒரு முறை அலையும் வெப்பநிலையை இதே 864 வினாடி இடைவெளியில் எடுத்தால், திரையில் சுமார் 33 நிமிட அலைவு தோன்றும். ஒரு சுற்றுக்குள் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பது கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட மாதிரித் தேற்றத்தின் சாரம். அதை மீறிய வரைபடத்தை நம்பும் பொறியாளர், ஆலையில் நிகழாத ஓர் அலைவுக்குக் காரணம் தேடுவார்.

இணைக்கும் முறையும் பொருளை மாற்றும். திறப்பு அல்லது மூடல் என்ற இரு நிலைகள் மட்டுமே உள்ள வால்வுக்குச் சாய்கோடு போட்டால், பாதி திறந்தது போன்ற பொய் நிலை தோன்றும். அங்கே படிக்கோடே சரி. மாற்றங்களை மட்டும் சேமிக்கும் களஞ்சியத்தில் சராசரி எடுப்பதிலும் இதே சிக்கல். தொட்டி மட்டம் 50 நிமிடம் 40 விழுக்காட்டில் அசையாமல் நின்றால் பதிவாவது ஒரே மதிப்பு. அடுத்த 10 நிமிடத்தில் 70-ஐச் சுற்றி அலைந்து, சம இடைவெளியில் 9 மதிப்புகள் பதிவானால், எளிய சராசரி 67. நேரத்துக்கு எடை தந்த சராசரி 45.

எல்லா மதிப்புகளையும் எடுத்தால் சர்வர் திணறும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதற்குத்தான் அவேவா ஹிஸ்டோரியன் மென்பொருளில் ‘பெஸ்ட் ஃபிட்’ முறை இருக்கிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் முதல், கடைசி, சிறும, பெரும மதிப்புகளையும் முதல் தரவுக் குறைபாட்டையும் அது எடுத்துத் தரும், உச்சம் தப்பாது. ஆனால் உச்சங்களைத் தேடிப் பொறுக்கிய அந்தப் புள்ளிகளைக் கொண்டு சராசரி கணக்கிடக் கூடாது.

அசையாத கோடும் ஏமாற்றலாம். 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 912-ஆம் தொட்டியின் மட்டமானி சிக்கிக்கொண்டது. பெட்ரோல் நிரம்பிக்கொண்டே இருக்க, காட்டிய மட்டம் மட்டும் அசையவில்லை. தொட்டி வழிந்து பெருவெடிப்பு நிகழ்ந்தது. அது கருவியின் கோளாறு. ஆயினும், தொடர்பு அறுந்தபின் கடைசி மதிப்பையே நீட்டி வரையும் மீட்டெடுப்பும் அதே போன்ற நேர்கோட்டைத்தான் தரும்.

ஆகவே விபத்து அறிக்கையில் சேரும் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் மீட்டெடுப்பு முறை, புள்ளிகளின் இடைவெளி, இணைப்பு விதி, தரவுத் தரம் ஆகிய நான்கும் அச்சாக வேண்டும். சம்பவ நேரத்துக்குரிய பகுதியை, பதிவான எல்லா மதிப்புகளையும் எடுக்கும் முழுப் பதிவு முறையில் மீண்டும் வரைந்து பார்க்காமல் விசாரணையை முடிக்கக் கூடாது.