பஜ்ஜியும் பகோடாவும்

மழை பெய்யும் மாலையில் தில்லித் தெருவோரக் கடையில் பகோடா பொரியும் மணம் எழுங்கால், ஊரில் தின்ற வாழைக்காய் பஜ்ஜியை நினையாத தமிழர் அரியர். இவ்விரண்டும் ஓரினத்துப் பண்டங்களே. 'பகோடா', பக்வவடம் என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். 'பஜ்ஜி', மராட்டியரின் 'பஜி'யோடு உறவுடையது. பொரித்தவை யாவும் உடலுக்குத் தீங்கு என்று இன்று எளிதிற் கூறிவிடுகிறோம். குற்றம் பண்டத்தினதா, எண்ணெயினதா என்பதை வரலாறு கொண்டு ஆராய்தல் தகும்.

மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம், பருப்பினால் ஆக்கிப் பொரித்த பண்டங்களைக் கூறுகின்றது. அக்காலத்து அடுக்களையில் மிளகாயும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களாகிய அவை ஐரோப்பியர் வழியே பின்னர் வந்தவை. காரமும் காயும் மாறின. பருப்பு என்னும் அடிப்படை மாறவில்லை.

அவ்வடிப்படை எளியதன்று. 100 கிராம் கடலை மாவில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அரிசியிற் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து கடலையில் மிகுதி. ஆதலின் பஜ்ஜிக்கு இரு மாவும் கலக்கும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. கீரையிலுள்ள கரோட்டின் உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பும் வேண்டும். எனினும் 1 கிராம் எண்ணெய் 9 கலோரி தருவது, அளவு மறத்தலாகாது. நன்கு காய்ந்த எண்ணெயில் மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறுங்கால் எண்ணெய் உட்புகுவது குறைவு. எடுத்து ஆறும்போதே மேலே படிந்தது உள்ளிழுக்கப்படுகின்றது. எடுத்தவுடன் வடியவிட்ட நம் பாட்டியர் அறிவு வியக்கத்தக்கது.

பெரும் மாற்றம் வாணலியில் நேர்ந்தது. நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் நெய்யும் இருந்த இடத்தில், 1937இல் டால்டா என்னும் வனஸ்பதி வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்து இறுகச் செய்த அது, நெய்யினும் மலிவாதலால் எளியோர் இல்லங்களிலும் புகுந்தது. அவ்வாறு இறுகச் செய்யுங்கால் தோன்றும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பல பத்தாண்டுகள் கழிந்தே தெளிவாயிற்று. 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என அரசு விதித்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு.

விதி ஏட்டில் உளது. வாணலியோ தெருவில் உளது. நமக்குப் பகோடா பொழுதுபோக்குத் தின்பண்டம். நாள்முழுதும் உழைத்து இரண்டு பகோடாவும் ஒரு குவளைத் தேநீரும் கொண்டு பசியாறும் தொழிலாளிக்கோ அதுவே மாலை உணவு. அவனை உண்ணாதே எனல் அறமன்று. கறுத்த எண்ணெயை மாற்றச் செய்வதே அறம்.