ஒரு பழைய மோட்டார்ஹோமும் அதன் பிரேக்கும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நான் பத்திரிகையில் பிராந்தியச் செய்திகளைச் செப்பனிடும் பொறுப்பில் இருந்த காலத்தில், மலையக வீதிகளில் நிகழும் விபத்துகள் பற்றிய செய்திகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். "பிரேக் செயலிழந்தமையால் வாகனம் பள்ளத்தில் பாய்ந்தது" என்பதே அது. பிரேக் ஏன் செயலிழந்தது என்று நிருபர்களை நான் ஒருமுறையேனும் கேட்டதாக நினைவில்லை. ஒரு லொறிச் சாரதியின் வழக்கு மட்டும் மனதில் தங்கிவிட்டது. நீண்ட இறக்கத்தில் பெடல் தரைவரை இறங்கிவிட்டது என்று அவர் பொலிஸாரிடம் கூறியிருந்தார். மறுநாள் வாகனத்தைச் சோதித்த பரிசோதகரோ பிரேக் நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை கொடுத்தார். சாரதி பொய் சொல்கிறார் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணினோம்.

இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும் என்பதை, ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அறிந்துகொண்டேன். உறவினர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அயல்வீட்டு முற்றத்தில் 26 அடி நீளமான ஒரு பழைய வண்டி முட்டுக்கட்டைகளின் மீது நின்றது. அது ஜி.எம்.சி. நிறுவனத்தின் மோட்டார்ஹோம், கட்டில், அடுப்பு, குளியலறை யாவும் கொண்ட ஓடும் வீடு. உரிமையாளர் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர். அதன் பின்சக்கரங்களிலிருந்த டிரம் பிரேக்குகளை அகற்றி டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு. கேட்டுப் பழகிய காது எனக்கு.

இந்த வண்டியின் பிறப்பே சுவையானது. 1973 முதல் 1978 வரை மிச்சிகனின் பொன்ரியாக் நகரில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 13,000க்குச் சற்றுக் குறைவான வண்டிகளே வெளிவந்தன. அக்காலத்து மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் லொறியின் அடிச்சட்டத்தின் மேல் வைக்கப்பட்ட பெட்டிகள். இதுவோ ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ என்ற சொகுசுக் காரின் 455 கனஅங்குல இயந்திரத்தையும் முன்சக்கர இயக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. பின்சக்கரங்களுக்குச் சுழல்தண்டு தேவைப்படாததால் தரை தாழ்ந்தது. ஏறி இறங்குவது எளிதாயிற்று. பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறிய சக்கரங்கள், காற்றுப்பைகளின் மேல் அமர்ந்தன. இன்று பார்த்தாலும் அழகான வண்டிதான்.

டொரொனாடோ கார் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ளது. 1966இல் அது அறிமுகமானபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். வேகத்துக்கேற்ற பிரேக் இல்லை என்ற குறை எழவே, மறு ஆண்டிலேயே முன்சக்கர டிஸ்க் பிரேக்கை விரும்புவோர் பெறலாம் என்றாயிற்று. மோட்டார்ஹோமோ, பயணிகளும் பொருள்களும் ஏறியபின் ஐந்து தொன்னை எட்டுவது. இதற்கு முன்னே டிஸ்க், பின் நான்கிலும் டிரம் எனக் கொடுத்தார்கள். அக்கால வழக்கப்படி பார்த்தால் இது குறையன்று.

பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று நாம் எண்ணுகிறோம். அந்த மனிதரோ, அது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் அடுப்பு என்றார். நான் வீடு திரும்பியதும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து தொன் வண்டியை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது எழும் வெப்பம், சுமார் ஐந்தரை லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே வண்டி 300 மீற்றர் உயரத்தை பிரேக்கினால் மட்டுமே தாங்கி இறங்கினால் 40 லீற்றருக்கும் அதிகமான தண்ணீர் கொதிக்கும். இவ்வளவு சூடும் சில இரும்புத் துண்டுகளுக்குள்தான் போயாக வேண்டும்.

டிரம் பிரேக்கின் இடையூறு இங்குதான். சுழலும் உருளையின் உட்புறத்தை வளைந்த கட்டைகள் வெளிநோக்கி அழுத்துகின்றன. சூடேறிய உருளை விரிந்து கட்டைகளை விட்டு விலகுகிறது. பெடல் மேலும் மேலும் கீழே போகிறது. சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. டிஸ்க் பிரேக்கில் வட்டு திறந்த காற்றில் சுழல, இருபுறமும் அதைக் கவ்விப் பிடிக்கிறார்கள். சூடேறினால் வட்டு தடித்து, கவ்வும் பக்கமாகவே நெருங்குகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே இதற்கு உரிமம் பெற்றார். செம்பு இரும்பை உரசிய ஓசையை எவராலும் தாங்க முடியவில்லை. அதே காலத்தில் பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கைச் செம்மைப்படுத்தினார்; அரை நூற்றாண்டு காலம் அதுவே உலகை ஆண்டது. பின்னர் விமானங்களின் சக்கரங்களில் டிஸ்க் மீண்டும் தலைகாட்டியது. அவ்வனுபவத்தைக் கொண்டு டன்லொப் நிறுவனமும் ஜாகுவாரும் அதைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தன. 1953இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார்கள் முதலாம், இரண்டாம், நான்காம் இடங்களைப் பெற்றன. எதிராளிகள் நேர்வீதியின் முடிவில் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, இவர்கள் வளைவுக்கு அருகே வந்த பின்னரே பிரேக்கை மிதித்தார்கள். 1955இல் வந்த சித்ரோன் டி.எஸ். காரோடு அது பெருந்தொகை உற்பத்திக்குள் நுழைந்தது. அமெரிக்கா இதில் பின்தங்கியே வந்தது.

பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் சிரித்தார். டிஸ்க்கின் கலிப்பர் டிரம்மின் சிறு சிலிண்டரைவிட அதிக பிரேக் ஒயிலைக் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவைத் தள்ள முடியாது, பெடல் தாழ்ந்துவிடும். பெரிய சிலிண்டரைப் போட்டாலோ காலால் கூடுதல் பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். டிரம்முக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்றுண்டு. அதை மறந்து விட்டுவிட்டால் டிஸ்க் ஓயாமல் உரசிச் சிவக்கும். கைபிரேக் வேறு போய்விடும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இந்த வண்டிக்காரர்கள் சிலர் இதற்கென 1970களின் பிற்பகுதியில் வந்த காடிலாக் எல்டோராடோவின் பின்கலிப்பர்களைத் தேடிப் பிடித்தார்களாம்.

அவர் முகமூடி அணிந்து, பழைய டிரம்முக்குள் இருந்த தூசை ஈரத்துணியால் துடைத்ததையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்துப் பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. நம்மூர் கராஜ்களில் பையன்கள் அந்தத் தூசைக் காற்றடித்து ஊதித் தள்ளியதை எத்தனை முறை பார்த்து நின்றிருக்கிறேன்!

நான் லொறிச் சாரதியின் கதையைச் சொன்னேன். அவர் பிரேக் ஒயில் போத்தலைக் கையிலெடுத்தார். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சக்கரத்தின் சூடு ஏறி ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்கலாம். எனவே பெடல் தரைவரை போகும். ஆறியதும் ஆவி மீண்டும் ஒயிலாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். எந்தத் தடயமும் இராது.

கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைவீதியில் இதனால்தான் இறங்கும் வண்டிகளை நடுவழியில் மறித்து, பிரேக்கின் சூட்டை அளந்து பார்க்கிறார்கள். சூடு மிகுந்திருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

"உங்கள் பரிசோதகர் எப்போது பார்த்தார்?" என்று அவர் கேட்டார். மறுநாள் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

பரிசோதகரின் அறிக்கையை நாங்கள் முதற்பக்கத்தில் வெளியிட்டோம். சாரதி கூறியதை உட்பக்கத்தில் இரண்டு வரிகளில் போட்டோம். அவருடைய பெயர் எனக்கு இப்போது நினைவில்லை.