தேய்ந்த பல்லைக் காத்த கதை



நம் ஸ்ரீவராகத்துக் குளப்படியில் விடியற்காலையில் உமிக்கரி கொண்டு பல் துலக்கிய பெரியவர்களை நம்மிற் பலர் கண்டிருப்பீர்கள். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். வெற்றிலைப் பாக்குப் பழக்கமும் அவருக்கு உண்டு. அறுபது வயதில் அவருடைய பற்கள் பாதியாகத் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலும் கூச்சம் தாளாமற் போயிற்று. அவரை அழைத்துச் சென்ற இடத்தில், "எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்றார்கள், எடுத்தும் விட்டார்கள். அதன்பின் தீபாவளி முறுக்கை அம்மா உரலில் இடித்துத்தான் அவருக்குக் கொடுத்தாள். அவற்றை எடுக்கத்தான் வேண்டியிருந்ததா என்ற கேள்வியே என்னை இந்த வரலாற்றைப் படிக்கத் தூண்டியது.

உமியில் மணற்சத்து மிகுதி. உமிக்கரி பல்லை வெளுப்பாக்குவது மெய்யே. ஆனால் அது அரத்தைப்போல் எனாமலை அராவி வெளுப்பாக்குகிறது. தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. புளிப்புப் பானங்களும், உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கமும் அதே கேட்டைச் செய்கின்றன.

பல்லைப் பிடுங்காமற் காக்கும் முயற்சி மிகத் தொன்மையானது. பலுசிஸ்தானத்து மெஹர்கர் என்னும் இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் தீக்கல் முனையால் துளையிட்டிருந்தமை 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்துளைகளின் விளிம்புகள் மெல்லுதலால் மழுங்கியிருந்தன. ஆகவே அம்மனிதர்கள் சிகிச்சைக்குப் பின்னும் அப்பற்களால் உண்டு வாழ்ந்தவர்களே!

இக்காலத்துப் பல்லடைப்புக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கரான ஜி. வி. பிளாக். அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. இரசக் கலவை பல்லில் ஒட்டாது. ஆதலின் அது கழன்று விழாதிருக்கும்படி பல்லைக் குடைந்து பள்ளம் செய்தல் வேண்டும். சொத்தைக்கு இம்முறை பொருந்தும். தேய்ந்து தட்டையான பல்லில் பள்ளத்துக்கு இடமேது? சுற்றிலும் செதுக்கி உறை போடுவார்கள், அல்லது பிடுங்குவார்கள். ஏற்கெனவே குறைந்துபோன பல்லை மேலும் குறைப்பது என்ன வைத்தியமோ!

வழி பிறந்தது 1955இல். உலோகத்தில் பெயிண்ட் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். இதனைக் கருத்திற் கொண்டு, மைக்கேல் புவனகோர் என்பார் அவ்வமிலத்தை எனாமலில் முப்பது விநாடி தடவிப் பார்த்தார். எனாமலில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டாகி, பிசின் அதில் இறுகப் பற்றியது. 1962இல் போவன் என்பார் உறுதியான பிசினைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்தபின், பல்லைச் செதுக்காமலேயே அதன்மேல் கட்டி உயர்த்த முடிந்தது. இரயில்வேயில் தேய்ந்த கிராசிங்கை எறிந்துவிடாமல் வெல்டிங் வைத்து உயர்த்துவதை அறிந்த எனக்கு இது உடனே விளங்கிற்று.

ஒரு தடை மட்டும் நின்றது. பல் தேயத் தேய எதிர்ப்பல் நெருங்கி வந்துவிடும், உயர்த்த இடமிராது. 1975இல் நார்வே நாட்டு டால் என்பாரும் அவருடைய சகாக்களும் ஓர் இளைஞருக்கு மேல்வரிசை முன்பற்களின் பின்புறம் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தினர். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. சில மாதங்களில் முன்பற்கள் சற்றே அமிழ, கடைவாய்ப் பற்கள் வளர்ந்து மீண்டும் சேர்ந்தன. முன்னே இடம் கிடைத்தது. இன்று தகட்டுக்குப் பதிலாகப் பிசினையே உயர்த்திக் கட்டி இதனைச் செய்கின்றனர்.

நம் நாட்டில் முதற் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் 1953இலும், நம் திருவனந்தபுரத்தில் 1959இலும் இக்கல்வி தொடங்கியது.

எனக்கும் உறக்கத்தில் பல் கடிக்கும் வழக்கம் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் என் முன்பற்கள் ஆறினையும் இவ்வாறே உயர்த்திக் கட்டினார்கள். ஊசி போடவுமில்லை, செதுக்கவுமில்லை. முதற் சில வாரங்கள் கடைவாய் சேராமையால் இட்டிலியை மெல்லுவதே பெரும்பாடு! இரவில் பல்லுறை அணிகிறேன். சென்ற ஆண்டு ஒரு மூலை உடைந்தது. அரைமணி நேரத்தில் பிசின் வைத்துச் சரிசெய்தார்கள். இவ்வாண்டுத் தீபாவளிக்கு அம்மா முறுக்குத் தட்டை என் முன் வைத்துவிட்டு, நான் கடிக்கும் ஓசை கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.